பிணம் எழுந்து சிரிப்பது வழக்கம்

வெள்ளிமலை
19.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கலையரசி எழுதுவது. நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்பதால் விசாரிக்கிறேன். நலமா? நான் நலம்.

போனில் பேசலாமே என்பீர்கள். பள்ளிக்குப் பின்னால் பாறை மேல் ஏறினால் சிக்னல் வரும். மூச்சு வாங்க ஏறிக் கூப்பிட்டால் "ஷாட் ரெடி" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் நான் சொல்ல வந்ததை முடித்துவிட முடிகிறது.

பொங்கலுக்கு வருவீர்கள் என்று அம்மா கரும்பு வாங்கிச் சார்த்தி வைத்திருந்தாள். சர்க்கரை ஆலை எடை மேடையில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவருக்குக் கரும்பு எதற்கு என்றேன். "வர்ற மனுசனுக்கு வூட்டுல ஒண்ணும் இல்லன்னா இன்னாடி நெனைப்பாரு" என்றாள். நீங்கள் வரவில்லை.

மாட்டுப் பொங்கலன்று குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பால் ஊற்றுகிற பெண் வந்து பார்க்கும்வரை ஈரத் தரையில் கிடந்திருக்கிறாள். எலும்பு முறியவில்லை. இடது கை வீங்கியிருக்கிறது. என்னோடு மலைக்கு வந்துவிடு என்றேன். ஆசிரியர் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை இருக்கிறது. மாட்டேன் என்கிறாள். "அவரு எப்ப வேணா வருவாரு. வந்து நிக்கறப்ப கதவு பூட்டிக் கெடக்கலாமா?"

நீங்கள் சொன்னால் வருவாள். "மகளோடு போய் இரு." இதை மட்டும் சொல்லுங்கள். வேறு எதையும் உங்களிடம் கேட்கவில்லை.

இங்கே பனி.

கலையரசி


சாலிகிராமம், சென்னை
6.2.2025

அன்பு மகள் கலைக்கு,

அப்பா கொளஞ்சியப்பன் எழுதுவது. முருகன் அருளால் தேக சுகம். உன் சுகத்துக்கும் அவனே பொறுப்பு.

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து கெட்டுவிட்டது. மலைப் பிள்ளைகளோடு பழகினால் அப்படித்தான்.

இந்த மாதம் மூன்று படம். ஒன்றில் தாசில்தார், போன வருடம் எடுத்தது, அடுத்த வாரம் வெளியாகிறது. ஒன்றில் வங்கி மேலாளர். மூன்றாவதில், பெண் பார்க்க வந்த இடத்தில் காபி சரியில்லை என்று டம்ளரை நகர்த்தி வைக்கும் பெரிய மனிதர். வசனம் கிடையாது. டம்ளரை ஒரு விரலால் நகர்த்திவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவ்வளவுதான். யூனிட்டே கைதட்டியது. "எதிர்ல நிக்கறவங்க புழு மாதிரி ஆயிடறாங்க சார். எங்க கத்துக்கிட்டீங்க இத?" என்று கேமராமேன் கேட்டார். அனுபவம் என்றேன்.

ஐம்பத்தாறு வயதில் தொடங்கியவனுக்கு இது சாதாரணம் இல்லை. ஆலையில் படம் எடுக்க வந்தவர்களின் வேன் என் எடை மேடையை மறித்து நின்றதும், "இன்னா, இது உங்கப்பன் வூட்டு வாசலா?" என்று நான் கேட்டதும், அதை அந்த இயக்குநர் கேமரா முன்னால் இன்னொரு முறை கேட்கச் சொன்னதும் உனக்குத் தெரியும். என் முகத்தில் என்ன இருக்கிறது என்று கள்ளக்குறிச்சிக்கு அதுவரை தெரியவில்லை. டிராக்டர் வரிசையில் நின்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்கு வயதாகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டு அதன் மேலேயே நடந்தால் வழுக்கத்தான் செய்யும். பார்த்து நடக்கச் சொல். கேட்டதாகவும் சொல்.

ஆசிகளுடன்,
அப்பா


வெள்ளிமலை
17.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று கைதட்டியவர்கள் மூலம் அறிந்தேன்.

உங்கள் தாசில்தார் படத்தை அம்மாவோடு கள்ளக்குறிச்சியில் பார்த்தேன். மனுவை வாங்காமல், கொடுக்க வந்தவனின் செருப்பைப் பார்க்கிறீர்கள். தியேட்டரில் விசில். அம்மா பக்கத்து சீட்டுப் பெண்ணின் தோளைத் தொட்டு, "எங்க வூட்டுக்காரரு" என்றாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது கேட்டேன், எப்படி நடித்தார் என்று.

"நடிச்சாரா? வூட்ல கொழம்புல உப்பு கம்மியானா அப்பிடித்தான் பாப்பாரு."

குறையாகச் சொல்லவில்லை. அடையாளம் சொல்கிறாள்.

அந்தக் கேமராமேனிடம் நீங்கள் சொன்னது பொய் அல்ல. அனுபவம்தான். முப்பது வருடம் ஒரே ஒரு பார்வையாளரை வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். நானும் சில காலம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன்.

போன கடிதத்தில் கேட்ட ஒன்றுக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருக்கலாம். மகளோடு போய் இரு என்று சொல்லுங்கள். அவள் தனியாக இருக்கிறாள்.

கலையரசி


சாலிகிராமம்
20.3.2025

அன்பு மகள் கலைக்கு,

வெயில் கடுமை. உடம்பு தாங்குகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நல்ல சேதி. முழு வேடம் கிடைத்திருக்கிறது. இயக்குநர் பெயர் பகலவன். சின்னப் பையன், தாடி. உன்னைப் போலவே படித்தவன், எதையும் முழுதாகப் பேச மாட்டான். ஊரையே மிரட்டி வைத்திருந்த ஒரு பெரிய விவசாயி செத்துப் போகிறான். முதல் பாதி அவன் வாழ்ந்தது. இரண்டாம் பாதி அவன் ஐஸ் பெட்டியில் கிடப்பது. இரண்டிலும் நான்தான். போஸ்டரில் என் முகம்.

இடம் நம் ஊர்தான். நம் தெருவுக்கு அடுத்த தெருவில் மாடி வீட்டைப் பிடித்திருக்கிறார்கள். சாவுக் காட்சிக்குத் துணை நடிகர்கள் வேண்டாம், அந்தத் தெரு ஜனங்களே வேண்டும் என்கிறான். மனைவியாக நடிக்க வந்த பெண்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டான். நம் வீட்டுப் படம் ஒன்றை என் போனில் பார்த்தவன், "இவங்கதான் சார்" என்றான். உன் அம்மாவை.

ஒரு நாள் வேலை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். அவளுக்கு அதற்குப் பயிற்சி தேவையில்லை. பொட்டு அழித்து, தாலி வாங்குவது வரை ஒரே ஷாட். நீ எடுத்துச் சொல். நான் சொன்னால் பயந்துகொள்வாள்.

அப்பா


வெள்ளிமலை
25.3.2025

அப்பாவுக்கு,

சொல்ல மாட்டேன்.

ஊரை விட்டுப் போன பிறகு முதல் முறையாக அவளை ஓர் இடத்துக்குக் கூப்பிடுகிறீர்கள். உங்கள் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார.

நலம்தானே?

கலையரசி


சாலிகிராமம்
9.4.2025

அன்பு மகள் கலைக்கு,

நலம்தான்.

நீ மாட்டேன் என்றாய். நானே போன் போட்டேன். உன் படிப்பு அவளுக்கு இல்லை, அதனால் ஒரே பேச்சில் முடிந்தது. "சரிங்க" என்றாள்.

ஒன்று மட்டும் கேட்டாள். "நெசமாவே எடுப்பாங்களாங்க?" சிரித்துவிட்டேன். சினிமாவுக்கும் சாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம். புரிய வைத்தேன். கம்பெனியில் ஒரு கவரிங் தாலியைப் புது மஞ்சள் கயிற்றில் கோத்துத் தருவார்கள். அவள் தாலியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ள வேண்டும், கேமராவுக்குக் கவரிங் மட்டும் தெரியும், அறுப்பது அதைத்தான். பெரிய நடிகைகளே அப்படித்தான் செய்கிறார்கள். "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

மே மாதம் ஷூட்டிங். உனக்குப் பள்ளி விடுமுறை. வந்து அவளுக்குத் துணையாக இரு. கூட்டத்தைப் பார்த்து உளறிக் கொட்டப் போகிறாள்.

அப்பா


வெள்ளிமலை
21.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடல்நலத்துக்கு ஒரு குறைவும் இல்லை என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போயிருந்தேன். அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை வீக்கம் வடிந்துவிட்டது. இன்னும் முழுதாக மடங்கவில்லை.

"ஏம்மா ஒத்துக்கின?"

"கூப்ட்டாரு. ஒத்துக்கினேன்."

"அவமானமா இல்லியா உனக்கு?"

"எனக்கு இன்னாடி அவமானம்? செத்துக் கெடக்கப் போறது அவரு."

சிரித்தாள். இவ்வளவு வேகமாக அவள் பதில் சொல்லிப் பல வருடம் ஆகிறது. நான் விடவில்லை. ஊரே பார்க்கும், உன்னை ஒரு பொருள் மாதிரி தூக்கி வைத்து எடுப்பார்கள், அந்தாளுக்கு உன் அழுகை வேண்டும், நீ வேண்டாம் என்றெல்லாம் சொன்னேன். கீரையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"உனுக்கும் அந்த மூஞ்சிதான். பேசறப்ப ஒத்தப் புருவம் மட்டும் மேல போவுது பாரு. நீ மலைக்குக் கூப்படறதே அந்த மூஞ்ச வச்சிக்கினுதான் கூப்படற."

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். உண்மைதான். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அது. வகுப்பில் பிள்ளைகள் ஏன் சட்டென்று அமைதியாகிவிடுகிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

ஷூட்டிங்குக்கு வருகிறேன். அவள் உளறுவாள் என்பதற்காக அல்ல.

கலையரசி


சாலிகிராமம்
29.5.2025

அன்பு மகள் கலைக்கு,

நலம். செத்துப் பிழைத்தவன் நலம் என்று எழுதுவதில் ஒரு ருசி இருக்கிறது.

நீயும் அங்கே நின்றிருந்தாய். ஆனாலும் எழுத வேண்டும்போல் இருக்கிறது. மூக்கில் பஞ்சு. நெற்றியில் ஒரு ரூபாய். தாடையைக் கட்டிவிட்டார்கள். பெட்டியில் மின்சாரம் இல்லை, மே மாத வெயில், கண்ணாடி மூடியை மூச்சுக்கு விரற்கடை அளவு மட்டும் தூக்கி வைத்திருந்தார்கள். உள்ளே என் மூச்சுச் சத்தத்தைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பறை அடித்தது மார்பில் அதிர்ந்தது. கண்ணைத் திறக்கவில்லை. இமை அசையவில்லை. ஒரே டேக். பகலவன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அழுதிருந்தான்.

ஒரு குறை. பிணமாக நடித்தவன் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்துவிட்டுத்தான் பூசணிக்காய் உடைப்பார்கள். கடைசியாகப் பதிவானது செத்த முகமாக இருக்கக் கூடாது. எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம். மனைவியாக நடித்தவளும் அதைப் பார்க்க வேண்டும். அவளோ, கட் சொன்னதுமே எழுந்து போயிருக்கிறாள். உதவி இயக்குநர் இளமாறன் பின்னாலேயே ஓடினான். "அம்மா, ஐயா ஏந்திரிச்சி சிரிக்கறத ஒருவாட்டி பாத்துட்டுப் போங்கம்மா. பாக்காம போனா ஆவாது." அவள் திரும்பவில்லையாம். நேராக வீட்டுக் குழாயடிக்குப் போய்ப் புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாளாம். சாவு வீட்டிலிருந்து வந்தவள் மாதிரி! யூனிட்டில் சிரித்தார்கள். எனக்குத் தலைகுனிவு.

அழவும் இல்லையாம். அதற்குத்தானே கூப்பிட்டது. நீயாவது கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை?

மறுநாள் வேறு படம் இருந்ததால் அப்படியே வேனில் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வர நேரமில்லை.

அப்பா


கள்ளக்குறிச்சி
14.7.2025

கலைக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இது லாட்ஜில் உட்கார்ந்து எழுதுவது. பேருந்து நிலையத்துக்கு எதிரில், மேலே மூட்டைப்பூச்சி, கீழே பரோட்டாக் கடை. ஆடி பிறக்குமுன் இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் வந்தேன். வீடு பூட்டியிருக்கிறது. வாசல் பெருக்கிப் பல நாள் ஆகியிருக்கும், வேப்பிலை மூடிக் கிடந்தது. அவள் போன் அணைந்திருக்கிறது. என் வீட்டு வாசலில் பையோடு வெயிலில் நின்றேன். பக்கத்து வீட்டுப் பெரியநாயகியைக் கூப்பிட்டேன். அந்தக் காட்சியில் தாலி அறுக்க உட்கார்ந்த கைம்பெண் இவள்தான். ஒரு நாள் கேமராவில் தெரிந்ததும் திமிர் வந்துவிட்டதுபோல. "மலைக்கிப் போயிட்டாங்க" என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

டீக்கடையில் இரண்டு பையன்கள், "தாசில்தார் சார், அந்த லுக்கு வுடுங்க" என்று செல்பி எடுத்தார்கள். விட்டேன். என் ஊரில் எனக்கு முகம் இருக்கிறது, சாவி இல்லை.

யாரைக் கேட்டுக்கொண்டு போனாள்?

அப்பா


வெள்ளிமலை
4.8.2025

அப்பாவுக்கு,

நலம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அம்மா வந்தாள். நான் கூப்பிடவில்லை. மலை பஸ்ஸில் தனியாக ஏறி, ஒரு பையோடு வந்து இறங்கினாள். யாரையும் கேட்டுக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை. கை இப்போது நன்றாக மடங்குகிறது. நன்றாகத் தூங்குகிறாள். போனை அவளே அணைத்து அலமாரியில் வைத்தாள். சாவி அவளிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் தபாலில் அனுப்பச் சொல்கிறாள்.

நான் ஏன் கையைப் பிடித்து நிறுத்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தத் தோன்றவில்லை.

கலையரசி


சாலிகிராமம்
28.9.2025

அன்புள்ள கலைக்கு,

நலமா? அம்மா நலமா?

டப்பிங் முடிந்தது. கடைசி நாள் அந்தக் காட்சியைப் போட்டார்கள். எனக்கு அதில் பேச ஒன்றும் இல்லை. சும்மா பார்க்கலாம் என்று ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தேன். பெட்டி மேல் போட்ட மாலைக்குள் மைக் வைத்திருந்திருக்கிறார்கள்.

பெரியநாயகி கை நீட்டுகிறாள். அப்புறம் தயங்குகிறாள். "ஏ ராணி, இது வாணான்டி. அது எங்க? அவங்க குடுத்தது எங்க?"

அதற்கு உன் அம்மாவின் குரல். அழுகை இல்லை, பதற்றம் இல்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி. "அத்த கயட்டி அவங்க பொட்டியிலயே போட்டுட்டேன். இதத்தான். அறு."

நிறுத்தச் சொல்லித் திரும்பப் போடச் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். கயிறு பழசு. அதில் இருப்பது திருநாவலூர் கோயிலில் நான் கட்டியது. ஆசாரி ஒரு பக்கம் அழுத்தம் அதிகம் கொடுத்து நெளித்துவிட்டான் என்று கல்யாணத்தன்று நான் சத்தம் போட்ட அதே தாலி.

நீ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். இத்தனை மாதம் ஒரு வரி எழுதவில்லை.

அவளுக்கு அறிவு கிடையாது, எது நிஜம், எது நடிப்பு என்று தெரியாமல் செய்துவிட்டாள் என்று முதலில் இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். தயாரிப்பாளருக்கு அந்தக் குரல் வேண்டாம். மனைவி அழ வேண்டும் என்கிறார். பகலவன் சண்டை போட்டுத் தோற்றுவிட்டான். இங்கே செட் போட்டு அந்த ஷாட்டை மறுபடி எடுக்கப் போகிறார்கள். கார் அனுப்புவார்கள். இந்த முறை கவரிங் தாலியை நானே என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன். அழ வேண்டாம் என்றால் அழவும் வேண்டாம், தயாரிப்பாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஷாட் முடிந்ததும் நான் எழுந்து உட்காருவேன். அவள் என்னைப் பார்த்தால் போதும். சிரிக்கிறேன். ஒரு நிமிடம். அப்புறம் அவள் இஷ்டம்.

ராத்திரியில் மூடியைத் தூக்க முடியாமல் முழித்துக்கொள்கிறேன். இதை அவளிடம் சொல்லாதே.

வரச் சொல், கலை. நான் கேட்டதாகச் சொல்.

அப்பா


வெள்ளிமலை
12.10.2025

அப்பாவுக்கு,

நலமா என்று எழுதிவிட்டு, எதிரில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை முழுதும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். சொல்ல வேண்டாம் என்று நீங்கள் எழுதிய வரியையும் சேர்த்து. அவளைப் பற்றி நாம் இருவரும் எழுதிக்கொண்டது போதும் என்று தோன்றியது.

அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் கேட்டாள். மூடியைத் தூக்க முடியாமல் முழிக்கிறீர்கள் என்ற இடத்தில் கை நின்றது. நான் தாளைத் திருப்பினேன். அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

"கார் அனுப்பறாங்களாம். இன்னா எழுதட்டும்மா?"

"எதுக்கு வரணுமாம்?"

"மறுபடி அந்த ஷாட்ட எடுக்கணுமாம். தாலி அறுக்கறத."

"அது அறுத்தாச்சி."

"இன்னொரு வாட்டின்றாங்க."

"இன்னொரு வாட்டி அறுக்கணும்னா இன்னொரு வாட்டி கட்டணுமில்ல. கட்டறதுக்கு ஆளு உசுரோட வேணுமில்லடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றைப் புருவம் மேலே போயிருக்க வேண்டும். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சிரிக்காத. செத்தவங்கள பத்திப் பேசறப்ப சிரிக்கக் கூடாது."

கலையரசி